துணி சுற்றிய அண்டா

அண்ணி பழைய துண்டு ஒன்றை நீளநீளமாகக் கிழித்து அண்டாவின் விளிம்பில் சுற்றத் தொடங்கியபோதே, கரண்டி என்று எல்லோரும் கூப்பிடுகிற அவள் நாத்தனார் ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். கப்பலைக் கரையில் கட்டுகிறவள் மாதிரி இழுத்து இழுத்து முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டாள் அண்ணி. உள்ளே தண்ணீர் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் இந்த டொங்கு டொங்குச் சத்தம் வேணாம் தாயே. வெளியூர்லேருந்து நாலு பெரிய மனுஷங்க வர்றாங்க. ஏதோ பட்டறைக்குள்ள நுழைஞ்சுட்டோம்னு நெனச்சு அப்படியே திரும்பிப் போய் பஸ் ஏறிடுவாங்க."

"அப்ப எப்படி அண்ணி…" என்றாள் கரண்டி. அடுப்பின் இரைச்சலைத் தாண்டி அவள் குரல் அரை அடிகூடப் போகவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் அண்ணி பதில் சொன்னாள்.

"கையைத் தூக்கிக் காட்டு. எனக்குக் கண்ணு இல்லையா என்ன?"

வீட்டில் வைத்த பேர் ஒன்று அவளுக்கு உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாயிற்று. நெடுஞ்சாலையோரத்து இந்த நூடுல்ஸ் கடைக்கு வருகிற லாரிக்காரர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் அவள் கரண்டிதான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு வராமல் இல்லை. எழுந்து நின்று வாசி என்றால் குரல் வராது. சத்தமா, இன்னும் சத்தமா என்று சொல்லச் சொல்ல இருக்கிற குரலும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்படியே நின்றுபோயிற்று. அண்ணன் கடையில் அண்டாவுக்கு ஆள் இல்லாமல் இருந்தது. வந்து நின்றவள்தான், இன்னும் நிற்கிறாள்.

கடை நீளமான கடை. வாசலை ஒட்டிப் புகைபோக்கிக்கு அடியில் அண்டா. பின்கோடியில் அண்ணியின் சூப் பானை, அவித்த முட்டை, நறுக்கிய வெங்காயத்தாள், மிளகாய் எண்ணெய். நடுவில் அண்ணன், மாவை உருட்டித் தேய்த்து மடித்து நூல்நூலாக வெட்டிக்கொண்டிருப்பான். அண்டாவிலிருந்து எடுத்த நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு நீளப் பலகையில் ஒரு தள்ளு தள்ளினால் அது அண்ணன் முன்னால் வழுக்கிக்கொண்டு போய் அண்ணியிடம் நிற்கும். போய் நின்ற உடனே அதன் தலையில் கொதிக்கிற சூப் விழவேண்டும். கொஞ்சம் ஆறிவிட்டால் போயிற்று, ஒன்றோடொன்று ஒட்டி உப்பி நனைந்த கயிற்றுக் கட்டாகிவிடும். கரண்டி வந்த புதிதில் "ஆச்சு அண்ணி, ஆச்சு அண்ணி" என்று சொன்னது யார் காதிலும் விழாமல், அன்று முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் கயிறுதான் கிடைத்தது. "வாய்க்குள்ள என்ன பஞ்சா அடைச்சிருக்கு?" என்று அண்ணி கத்தினாள். வந்த கோபத்தில், திருப்பிப் பேசத் தெரியாத அவள், கையிலிருந்த ஜல்லிக்கரண்டியால் அண்டா விளிம்பில் ஓங்கி ஒன்று போட்டாள். டொங்! லாரி இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போயிற்று அந்தச் சத்தம். அண்ணி சூப் கரண்டியோடு திரும்பி நின்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு தட்டு என்றால் கிண்ணம் வருகிறது, சூப்பை மொண்டு வை. இரண்டு தட்டு என்றால் அடுத்த பிடி தண்ணீரில் விழுகிறது, தயாராக இரு. இதெல்லாம் கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாவதாக ஒன்று உண்டு. கரண்டியின் விளிம்பால் அண்டாவைக் கர்ரென்று ஒரு சுரண்டு சுரண்டினால், இப்போது பேசிக்கொண்டிருக்கிற ஆள் ஒரு பெரிய தொல்லை என்று அர்த்தம். அது அண்ணிக்கும் நாத்தனாருக்கும் மட்டும் உள்ள ரகசியம். பக்கத்துப் பட்டறை வெல்டிங்காரருக்கும் தெரியும். அந்தச் சுரண்டலை அதிகம் வாங்கியவர் அவர்தான்.

புறவழிச்சாலை திறந்த பிறகு லாரிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. மத்தியானத்தில் பாதி பெஞ்சு காலியாகவே கிடந்தது. டயர்க்காரர் தன் டயர்களை அடுக்க இந்த இடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில்தான் ஊர் சுற்றிக்காட்டும் பஸ் நடத்துகிற கம்பெனியிலிருந்து பச்சைத் தொப்பி போட்ட ஒரு அம்மா வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். பஸ் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்க அவர்களுக்கு ஓரிடம் வேண்டும். பெட்ரோல் பங்க்கில் கண்ணாடிச் சுவர் வைத்த கேண்டீன் ஒன்று இருக்கிறது. இல்லாவிட்டால் இந்தக் கடை. "ஊர் சுத்த வர்றவங்க இறங்கி வந்து சாப்பிடற அளவுக்கு இங்க என்ன இருக்குன்னு பாக்கணும். ஒரு நாள் பஸ்ஸோட வர்றேன்" என்று சொல்லியிருந்தாள்.

"பஸ் நிக்கலேன்னா டயர்க்காரர்கிட்ட சாவியைக் கொடுத்துடறேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டான். அவனும் அண்ணியும் அண்ணியின் தம்பி வேலை பார்க்கிற கிடங்குக்குப் போவார்கள். கரண்டி அக்கா வீட்டுக்குப் போவாள். அக்கா நல்லவள்தான், குறை சொல்ல முடியாது. போன வருஷம் ஒரு மாதம் அங்கே இருந்தபோது ஒருவர்கூட அவளைக் கடிந்து பேசவில்லை. கூப்பிடவும் இல்லை. "இதைக் கொஞ்சம் எடு", "அந்தக் கதவைச் சாத்து", அவ்வளவுதான். ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது தன்னையறியாமல் குண்டானில் இரண்டு தட்டு தட்டினாள். கூடத்திலிருந்து அத்தான், "என்ன விழுந்துச்சு?" என்றார். அவள் குண்டானை ஓசைப்படாமல் கவிழ்த்து வைத்தாள். அந்தச் சமையலறையின் சுத்தமான நிசப்தத்தை நினைத்தால் இப்போதும் அவள் கை தட்டுவதற்கு எதையாவது தேடும்.

அதனால்தான் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தாள். அண்ணிக்கு நாலு பேரோடு பழகத் தெரியும், நமக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டை போட்டு, மாவு பட்டுவிடுமோ என்று கைகளை உடம்பிலிருந்து தள்ளியே வைத்துக்கொண்டு நின்றான். வெல்டிங்காரரை இன்று உள்ளே வரவேண்டாம் என்று அண்ணி சொல்லிவிட்டாள். "ஏன், நான் என்ன கடிச்சா வெச்சுடுவேன்?" "உங்க சட்டையில ஓட்டை இருக்கா, ஓட்டையில சட்டை இருக்கான்னே தெரியலண்ணே. ஒரு நாள் பொறுத்துக்கங்க." அவர் வாசலுக்கு வெளியே ஒரு டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

பஸ் வந்தது. தூக்கக் கலக்கத்தில் இறங்கினார்கள் ஜனங்கள். கழுத்தில் தலையணை மாட்டியவர்கள், குழந்தையைத் தோளில் போட்டவர்கள், இறங்கியதும் பாத்ரூம் எங்கே என்று கேட்டவர்கள். பச்சைத் தொப்பி கடைசியில் இறங்கினாள். பக்கத்தில் பார்க்கும்போது அவ்வளவு பெரிய மனுஷியாகத் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. செருப்பு வார் அறுந்து ஊக்கு போட்டிருந்தாள். டிரைவர் வாட்டசாட்டமான ஆள். அண்டாவை ஒட்டிய ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து, "இதெல்லாம் ஒரு சாப்பாடா மேடம்? நூல்கண்டைப் பிரிக்கற வேலை. போன தடவை நீங்க சொன்ன எடத்துல நிறுத்தி ஆபீஸ்ல வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா?" என்றார்.

"அதனாலதான் இந்தத் தடவை சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

கரண்டி முதல் பிடியைத் தண்ணீரில் போட்டாள். கை தானாக அண்டா விளிம்பில் தட்டியது. பொத், பொத் என்று தலையணையில் குத்துவது போல ஒரு சத்தம். நுரை எழும்பி நூல்கள் மேலே வந்து திரும்பியதும் வாரி எடுத்து, கிண்ணத்தில் போட்டு, தள்ளிவிட்டு, கையைத் தூக்கிக் காட்டினாள். நடுவில் திரை கட்டியது போல ஆவி. அண்ணி அங்கே இல்லை. முதல் பெஞ்சில் ஒரு அம்மாளிடம், "வழியில ரொம்ப வெயிலா இருந்துச்சுங்களா?" என்று குழைந்துகொண்டிருந்தாள். கிண்ணம் போய்ப் பலகைக் கோடியில் நின்றது. அடுத்த கிண்ணம் அதை இடித்தது. அதற்கடுத்தது அதையும் இடித்தது. அண்ணி திரும்பி ஓடிவந்து வரிசையைப் பார்த்துத் திகைத்து எல்லாவற்றிலும் சூப்பை ஊற்றினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் நிலைமை கைமீறிப்போயிற்று. ஒரு மேசைக்கு உப்பிய நூடுல்ஸ் போனது. இன்னொரு மேசையில் ஒரு பெரியவர் முள்கரண்டியைப் பிடித்துக்கொண்டு வெறும் சூப்புக்குள் பொறுமையாகத் தேடிக்கொண்டிருந்தார். "அப்பா, கயிறு" என்றது ஒரு குழந்தை. எந்தப் பிடி வெந்தது, எது வேகாதது என்று அண்ணனுக்கே தெரியவில்லை. இஸ்திரி சட்டையில் வேர்த்து வழிய, வெட்டிய மாவை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்து அசடு வழிந்தான்.

பஸ்ஸில் வந்தவர்கள் கிண்ணங்களை மெல்லத் தள்ளி வைத்தார்கள். எல்லோரும் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

பச்சைத் தொப்பி தன் கிண்ணத்திலிருந்து ஒரு நூலைத் தூக்கினாள். அது பாதியில் அறுந்து சூப்பில் விழுந்தது. இன்னொரு தடவை தூக்கினாள். அதுவும் அறுந்தது. முள்கரண்டியை மெதுவாகக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். அவளுக்குக் கோபம் இல்லை. இன்னொரு கடையும் இப்படித்தானா என்கிற அலுப்பு மட்டும் இருந்தது. அது கோபத்தைவிட மோசமாகப் பட்டது கரண்டிக்கு.

"நான் அப்பவே சொன்னேன்ல? வாங்க, கேண்டீன்ல ரொட்டியாவது சூடா இருக்கும்" என்றார் டிரைவர். பச்சைத் தொப்பி எழுந்தாள்.

கரண்டி கூப்பிட்டாள். உண்மையிலேயே கூப்பிட்டாள், "இருங்க" என்று. அந்தச் சொல் பல்லுக்குப் பின்னாலேயே செத்துப்போயிற்று. அப்போது பலகையில் வரிசையாக நின்ற கிண்ணங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் அவள் சரியாக எடுத்த நூடுல்ஸ். நுரை திரும்புகிற அந்த நொடியில், ஒன்றுகூட முந்தாமல் பிந்தாமல் எடுத்தது. அது கிண்ணத்தில் கிடந்து வீங்கி ஊறிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுச் சமையலறை கண்முன் வந்தது. அவள் குனிந்து முடிச்சில் நகத்தை விட்டாள். ஆவியில் நனைந்த முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. பல்லால் கடித்தாள். விளிம்பின் சூடு உதட்டில் சுட்டது. கரண்டிக் காம்பைத் துணிக்கடியில் செருகி நெம்பினாள். டர்ரென்று கிழிந்து வந்தது துண்டு. அதைத் தூக்கி அண்ணன் மேல் எறிந்துவிட்டு, ஜல்லிக்கரண்டியைத் தலைக்கு மேல் ஓங்கினாள்.

டொங்!

பஸ் ஜனம் மொத்தமும் திடுக்கிட்டுத் திரும்பியது. டிரைவர் ஸ்டூலோடு பின்னால் சாய்ந்து சமாளித்தார். அண்ணியின் முகம் பதறியது. ஆனால் முகம் பதறி முடிப்பதற்குள் கை சூப் கரண்டிக்குப் போய்விட்டது. எத்தனையோ வருஷப் பழக்கம். கை யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

"அப்பாடா!" என்று வாசலுக்கு வெளியேயிருந்து ஒரு குரல். "கடை செத்துப்போச்சோன்னு பயந்தே போனேன்!" வெல்டிங்காரர்தான். யாரும் கூப்பிடாமலே ஓட்டைச் சட்டையோடு உள்ளே வந்து, வீங்கிப்போன கிண்ணங்களையெல்லாம் வாரித் தொட்டியில் கொட்டத் தொடங்கினார்.

டொங், டொங். ஒரு பிடி தண்ணீரில். அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் எறிந்துவிட்டு பனியனோடு மாவு மணைக்குத் திரும்பினான். கத்தி ஓடத் தொடங்கியது. தட்டுக்கு ஒரு வெட்டு, தட்டுக்கு ஒரு வெட்டு என்று அது தானாக அவளோடு சேர்ந்துகொண்டது. டொங்! கிண்ணம் வழுக்கிக்கொண்டு போனது. போய் நிற்கும்போதே மேலிருந்து சூப் இறங்கியது. முட்டை விழுந்தது. வெங்காயத்தாள் விழுந்தது. "மொத பெஞ்சு, பெரியவரே, அதைக் கீழ வைங்க, அது சாப்பாடு இல்ல, இந்தாங்க!" அண்ணிக்குத் தன் சொந்தக் குரல் வந்துவிட்டது. "பாப்பாவுக்குக் காரம் இல்லாம ஒண்ணு! ஏங்க, கழுத்துத் தலையணையைக் கழட்டுங்க, சூப்புக்குள்ள தொங்குது பாருங்க!" சிரித்தார்கள் ஜனங்கள். ஒரு குழந்தை தட்டுச் சத்தத்துக்குக் கை தட்டத் தொடங்கியது. அப்புறம் இரண்டு குழந்தைகள். கரண்டி யாரையும் பார்க்கவில்லை. நுரையை மட்டும் பார்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது, மயிர் நெற்றியில் ஒட்டியது, சுட்ட உதடு எரிந்தது. கை வலிக்கவே இல்லை. இந்தக் கடை முழுவதையும், அண்ணனையும் அண்ணியையும் இந்த ஜனத்தையும், தன் மணிக்கட்டில் கட்டி இழுத்துக்கொண்டு ஓடுவது போல இருந்தது அவளுக்கு. எழுந்து நின்று வாசித்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒரு நினைவு ஓடியது. அதற்கும் ஒரு தட்டு.

"என்னம்மா இது, காது கிழியுது. சாப்பாட்டுக் கடையா, கோழி விரட்டற எடமா?" என்றார் டிரைவர்.

கர்ர்ர்.

யோசித்துச் செய்ததில்லை. பின்கோடியில் அண்ணி சூப் கரண்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். வெல்டிங்காரர் தொட்டியருகில் வெடித்துச் சிரித்தார்.

"எதுக்குய்யா சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல சார். அண்டாவைச் சுத்தம் பண்றா" என்றாள் அண்ணி.

"அது நம்ம சங்கத்துல புதுசா ஒருத்தர் சேர்ந்தா அடிக்கிற மணி சார்" என்றார் வெல்டிங்காரர். அவரே ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து டிரைவர் கையில் திணித்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுக்கு என்ன, இரண்டுக்கு என்ன என்று விளக்கத் தொடங்கினார். டிரைவர் கேட்காதது போலவே கேட்டார். சாப்பிடாதது போலவே சாப்பிட்டார். கிண்ணம் காலியானதும் அதைத் திருப்பிப் பார்த்தார், அடியில் இன்னும் ஏதாவது இருக்குமோ என்கிற மாதிரி.

பச்சைத் தொப்பி நின்ற இடத்திலேயே இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அண்ணி அவள் முன்னால் புதுக் கிண்ணத்தை வைத்தாள். அவள் உட்கார்ந்தாள். ஒரு நூலைத் தூக்கினாள். அது அறுந்துபோகவில்லை. தூக்கத் தூக்க வந்தது. குனிந்தபோது தொப்பி சூப்புக்குள் விழப் பார்த்தது. கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. ஆவிக்கு அந்தப் பக்கம் தொப்பி இல்லாத அந்தத் தலையைக் கரண்டி பார்த்தாள். வகிடு கோணலாக இருந்தது. பசியோடு இருக்கிற ஒரு சாதாரணத் தலை.

ஜனங்கள் பஸ் ஏறத் தொடங்கினார்கள். பச்சைத் தொப்பி உதட்டைத் துடைத்துக்கொண்டு அண்டாவருகில் வந்தாள்.

"அந்தத் துணி எதுக்கு?"

கரண்டி தலையைக் குனிந்தாள். அண்ணி ஓடிவந்தாள். "மரியாதைக்குங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"இன்னொரு தடவை எனக்கு மரியாதை குடுக்காதீங்க" என்றாள் பச்சைத் தொப்பி. இந்தத் தடவை சிரித்தாள். உடனே சிரிப்பு அடங்கியது. "ஆனா மொதக் கிண்ணமும் என் முன்னாலதான் வந்துச்சு. பஸ்ல வந்தவங்க பாதிப் பேர் அதைத்தான் மொதல்ல பாத்தாங்க. ஆபீஸ்ல ரெண்டையும் சொல்லணும். அப்புறம் அவங்க முடிவு."

அண்ணியின் முகம் தொங்கிப்போயிற்று. பச்சைத் தொப்பி திரும்பி நடக்கும்போது கரண்டி, "மேடம்" என்றாள். குரல் வழக்கம் போலத்தான் வந்தது. தன் காதுக்கே எட்டாத குரல். ஆனால் அண்டா இன்னும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது, அதில் தைரியம் வந்தது. பச்சைத் தொப்பி நின்றாள். கேட்கவில்லை என்று சொல்லவில்லை, சத்தமாகப் பேசு என்றும் சொல்லவில்லை. இரண்டடி திரும்பி வந்து, குனிந்து, காதைக் கொடுத்தாள்.

"துணி கட்டினது நாங்க. நூடுல்ஸ் மேல தப்பு இல்ல."

"அதையும் சொல்றேன்" என்றாள் அவள்.

ஒரு வாரம் போயிற்று. கம்பெனியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அண்ணி அந்தத் துண்டின் கிழிசல்களைத் துவைத்து பெஞ்சு துடைக்கப் போட்டுவிட்டாள். கரண்டியின் உதட்டுக் காயத்துக்கு தினமும் காலையில் தானே வெண்ணெய் தடவினாள். "கடிக்கிறதுக்கு வேற எதுவுமே கிடைக்கலியா உனக்கு?" என்று திட்டிக்கொண்டே தடவினாள்.

அன்று மத்தியானம் டயர்க்காரர் அளவு நாடாவோடு வந்துவிட்டார். "சும்மா பாத்து வெச்சுக்கறேன், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லி ஒரு முனையை அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் மறுக்கவும் முடியாமல் மாவுக் கையால் அதைச் சுவரில் பிடித்துக்கொண்டு நின்றான். நாடா மாவு மணையைத் தாண்டி, பலகையைத் தாண்டி, அண்டாவை நோக்கி நீண்டுகொண்டே வந்தது. கரண்டி நகர்ந்து வழிவிடவில்லை. வெட்டி வைத்த நூடுல்ஸில் ஒரு பிடியைக் கையில் எடுத்துக்கொண்டு, யாருக்கு என்று தெரியாமலே, கொதிக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஹாரன் கேட்டது. இரண்டு தடவை. பாம், பாம்.

அண்ணியின் கையிலிருந்த கத்தி வெங்காயத்தாளின் மேல் அப்படியே நின்றது.

"எந்த வண்டியோ போகுது" என்றான் அண்ணன், நாடாவைப் பிடித்தபடி.

வெல்டிங்காரர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சாலைக்கு வந்து எட்டிப் பார்த்தார். வளைவில் புழுதி மட்டும்தான் தெரிந்தது. மறுபடியும், இந்தத் தடவை பக்கத்தில், பாம், பாம். அதைத் தொடர்ந்து, பஸ் கியர் மாற்றுகிறபோது வருமே, அந்தக் கர்ரென்ற ஒரு நீளச் சுரண்டல்.

அண்ணன் கையிலிருந்து நாடாவின் முனை நழுவியது. அது விர்ரென்று சுருண்டு டயர்க்காரரிடமே ஓடிற்று. கரண்டியின் கையிலிருந்து பிடி பிரிந்து, நூல் நூலாக விரிந்து, அண்டாவின் வாயை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய இன்னொரு கை ஜல்லிக்கரண்டியோடு ஏற்கெனவே மேலே போயிருந்தது.